சொன்னால் பாதி குணம்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். சாப்பிடும்போது மட்டும் வேண்டாம், விஷயம் அப்படிப்பட்டது.

பணி ஓய்வு பெற்ற பிறகு என் பழைய மாணவர்களிடமிருந்து நிறைய செய்திகள் வருகின்றன. அதில் பாதி "டீச்சர், இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றுதான் ஆரம்பிக்கும். கடன் தொல்லையோ, காதல் விவகாரமோ என்று நீங்கள் நினைக்கலாம். பெரும்பாலும் இல்லை. ஒருவனுக்கு வாய் நாற்றம். ஒருத்திக்குத் தும்மினால் சிறுநீர் கசிகிறது. இன்னொருவனுக்கு ஆறு மாதமாக மலத்தில் ரத்தம். எல்லாரும் நாற்பது வயதைத் தொட்டவர்கள். சிலர் பெரிய கம்பெனிகளில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவர்கள். கட்டிய மனைவியிடமோ கணவனிடமோ சொல்லாததை ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் சொல்கிறார்கள். மூக்கு ஒழுகும்போது துடைத்துவிட்டவள் என்ற உரிமை போலிருக்கிறது. எனக்கு அது சந்தோஷம்தான். ஆனால் நான் டாக்டர் இல்லையே, பிள்ளைகளா! நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்.

அதனால் என் மனதில் பட்டதைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். இந்த மாதிரி விசித்திர உபாதைகளில் முக்கால்வாசி பயப்படத் தேவையில்லாதவை. மீதி கால்வாசி, சீக்கிரம் காட்டினால் சரிசெய்யக் கூடியவை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நம்மைக் கெடுப்பது கூச்சம். வெளியில் சொல்ல வெட்கப்பட்டே சின்னதைப் பெரிதாக்கிக்கொள்கிறோம், பெரியதைத் தாமதமாகக் காட்டுகிறோம்.

முதலில் என் தொண்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருடம் ஒரு நாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தொண்டையிலிருந்து ஒரு சின்ன உருண்டை வந்து விழுந்தது. வெந்த அரிசி மாதிரி இருந்தது, லேசான மஞ்சள். விரலால் நசுக்கிப் பார்த்தால், ஐயோ, அப்படி ஒரு நாற்றம்! அழுகின முட்டை கெட்டது போங்கள். நான் அதை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் இருக்கும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் மேசையில் வைத்தேன். அந்தப் பையன் (என் மகன் வயதுதான்) சிரித்துவிட்டு, "அம்மா, இதுக்குப் பேர் டான்சில் கல். நிறைய பேருக்கு வரும். யாரும் இப்படிப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து காட்டினது இல்ல" என்றார்.

கல் என்றால் பல்லாவரத்துக்காரர்களுக்குப் புதிதா என்ன? இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கைக்கோடரியை ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் 1863 மே 30-ல் இந்தப் பல்லாவரத்து மண்ணில்தான் கண்டெடுத்தார். நான்காம் வகுப்பில் உங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பீர்கள். ஆனால் தொண்டைக்குள்ளும் கல் விளையும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அது எப்படி வருகிறது என்று டாக்டர் விளக்கினதை, எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

வாயைப் பெரிதாகத் திறந்தால் உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு சதைத் திரட்சி தெரியும். அதுதான் டான்சில். அது வழவழப்பான பந்து இல்லை. பாகற்காய் மேல்தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக, நிறைய குழிகளோடு இருக்கும். வாய் வழியாக உள்ளே வரும் கிருமிகளைப் பிடித்து, உடம்பின் காவல்படைக்கு அடையாளம் காட்டுவது அதன் வேலை. அந்தக் குழிகளில் சில பேருக்குச் சோற்றுத் துணுக்கு, செத்த தோல் செல்கள், சளி, பாக்டீரியா எல்லாம் போய்த் தங்கிவிடும். எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதன்மேல் படிந்து படிந்து கெட்டியாகும். முதலில் பன்னீர்க்கட்டி மாதிரி மெத்தென்று இருக்கும், நாளானால் கல் மாதிரி ஆகும். காற்றுப் புகாத அந்தக் குழிக்குள் வாழும் பாக்டீரியாக்கள் கந்தகம் கலந்த வாயுவை உண்டாக்குகின்றன. நாற்றத்துக்குக் காரணம் அதுதான். அழுகின முட்டையின் நாற்றத்துக்கும் கந்தகம்தான் காரணம், அதனால்தான் ஒரே வாடை.

சில பேருக்கு இதனால் தொண்டையில் ஏதோ முள் சிக்கின மாதிரி உறுத்தும். சில பேருக்குக் காது வலிக்கும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால், இங்கே குத்தினால் அங்கே வலிக்கிறது. ரொம்பப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் கல் இருப்பது தெரியவரும். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. புற்றுநோயும் கிடையாது.

இதற்கு என்ன செய்யலாம்? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகு தொண்டை வரைக்கும் கொப்பளிக்கலாம். வாயால் கொப்பளித்துத் துப்பினால் போதாது, தலையை அண்ணாந்து கரகர என்று சத்தம் வர வேண்டும். இரவிலும் பல் துலக்க வேண்டும். நாக்கை வழிக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. யூடியூபைப் பார்த்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, ஹேர்பின்னாலோ ஊக்காலோ தீக்குச்சியாலோ குத்தி எடுக்காதீர்கள். டான்சிலில் ரத்த ஓட்டம் அதிகம். கிழிந்தால் ரத்தம் நிற்காது, கிருமியும் உள்ளே போகும். தானாக வராவிட்டால் டாக்டர் எடுத்துவிடுவார்.

இவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு பெண் மூன்று வருடம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர். பேர் வேண்டாம், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நல்ல குரல், பள்ளி ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துக்கு அவரைத்தான் கூப்பிடுவோம். திடீரென்று பாடுவதை நிறுத்தினார். பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தும்போது அவர்களைப் பக்கத்தில் நிற்கவிடாமல், "வச்சிட்டுப் போ" என்பார். 'டீச்சருக்குத் தலைக்கனம்' என்று பேசினவர்கள் உண்டு. உண்மையில் அவர் வயிற்றில் புண் இருப்பதாக நினைத்துக்கொண்டு மூன்று வருடமாக அசிடிட்டி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். காரணம், யாரோ "வயிறு சரியில்லைன்னாதான் வாய் நாறும்" என்று சொல்லிவிட்டார்களாம். வாய் நாற்றம் பெரும்பாலும் வாயிலேயேதான் பிறக்கிறது. நாக்கின் பின்பகுதி, ஈறு, சொத்தைப்பல், டான்சில், இவைதான் வழக்கமான இடங்கள். என் பொட்டலக் கதையை நான் எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லப் போக, அவர் போன் செய்து மெதுவாகக் கேட்டார். அந்த வாரமே காட்டினார். அவருக்கும் அதே கல், இரண்டு பக்கமும்.

மூன்று வருடம்! இதில் அவருடைய பாட்டும், பிள்ளைகளோடு இருந்த நெருக்கமும் போனது. அந்தக் கல் அரிசி அளவுதான். மீதியெல்லாம் வெட்கம் செய்தது.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 'அப்படியானால் டான்சிலையே வெட்டி எடுத்துவிடலாமே' என்று சில பேர் கேட்பார்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1934-ல் நியூயார்க் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு மருத்துவ உலகில் ரொம்பப் பிரபலம். அதில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. மீதி 389 பேரை டாக்டர்கள் பார்த்து, 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். 'தேவையில்லை' என்று விடப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினால், அவர்கள் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். அதிலும் மிஞ்சியவர்களை மூன்றாவது தடவை காட்டினால், மறுபடியும் கிட்டத்தட்டப் பாதிப் பேர்! கடைசியில் ஆயிரம் பேரில் எந்த டாக்டரும் அறுவை சிகிச்சை சொல்லாத பிள்ளைகள் 65 பேர்தான். கணக்கு டீச்சர்களுக்கு இது நல்ல பாடம். தேடிப் பார்த்தால் நோய் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். இப்போது காலம் மாறிவிட்டது. அடிக்கடி காய்ச்சலோடு தொண்டை புண்ணாவது, தூக்கத்தில் மூச்சு அடைப்பது போன்ற சரியான காரணம் இருந்தால்தான் எடுக்கிறார்கள். கல்லுக்காக மட்டும் எடுப்பது அபூர்வம். அதனால், டாக்டரிடம் சொன்னால் உடனே கத்தியைத் தூக்கிவிடுவார் என்று பயந்து ஒளிக்கவும் வேண்டாம்.

தொண்டையில் எதைக் கண்டால் தாமதிக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு பக்கம் டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போவது. வாயிலோ தொண்டையிலோ மூன்று வாரமாகியும் ஆறாத புண். வெள்ளையாகவோ சிவப்பாகவோ தேய்த்தால் போகாத திட்டு. விழுங்கச் சிரமம். எச்சிலில் ரத்தம். கழுத்தில் கட்டி. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், ஹான்ஸ் ஒதுக்குகிறவர்கள், சிகரெட் பிடிக்கிறவர்கள் இந்தப் பட்டியலை இரண்டு முறை படியுங்கள். காய்ச்சலோடு வாயே திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், அது டான்சிலைச் சுற்றிச் சீழ் பிடித்ததாக இருக்கலாம். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. காய்ச்சலோடு தொண்டை வலி வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கை கால் மூட்டுகள் மாறி மாறி வீங்கினால், 'வளருற வலி' என்று தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒரு வகைத் தொண்டைக் கிருமியால் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிடும். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், வலி நின்றதும் நிறுத்தாமல், சொன்ன நாள் வரைக்கும் கொடுத்து முடியுங்கள்.

சரி, தொண்டையை விட்டு மற்ற விசித்திரங்களுக்கு வருகிறேன். எனக்கு வந்த செய்திகளில் அடிக்கடி வருபவை இவை.

ஒன்று, படுக்கையில் திரும்பினால் வீடே சுற்றுவது. என் வயதுக்காரர்களுக்கு நிறைய உண்டு. 'பித்தம்' என்று எலுமிச்சை ரசம் குடிப்பார்கள், 'பிரஷர்' என்று பயப்படுவார்கள். பல நேரங்களில் இதுவும் கல் விவகாரம்தான்! நம் உள்காதில் உடம்பின் சமநிலையைக் காட்டும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. அவை இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் சில விநாடிகள் உலகம் சுழலும். ஜான் எப்லி என்ற அமெரிக்க டாக்டர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி அந்தத் துகளை வெளியே கொண்டுவரும் முறையைக் கண்டுபிடித்தார். ஆரம்பத்தில் சக டாக்டர்களே அவரை நம்பவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, சில நிமிட வேலை. ஆனால் தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், இரட்டையாகத் தெரிவது இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். யோசிக்காமல் 108.

இரண்டு, காது. பட்ஸ் போட்டுக் குடைவதும், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடாக ஊற்றுவதும் நம் வீடுகளில் சாதாரணம். காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். பட்ஸ் அழுக்கை உள்ளேதான் தள்ளும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக உள்ளே போகும். தூங்கி எழுந்ததும் திடீரென்று ஒரு காது கேட்கவில்லை என்றால் 'அழுக்கு அடைச்சிருக்கும்' என்று ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருந்தால், முதல் சில நாட்களில் கொடுக்கும் மருந்துதான் பலிக்கும்.

மூன்று, கண்ணுக்குள் கொசு பறப்பது. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி சுருங்கி, அதன் நிழல் பூச்சி மாதிரித் தெரியும். பழகிப்போகும். ஆனால் திடீரென்று நிறையப் பூச்சிகள், கூடவே மின்னல் வெட்டு, ஒரு ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருந்தால் விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். 1819-ல் தொடங்கி, இப்போது எழும்பூரில் நடக்கும் அரசுக் கண் ஆஸ்பத்திரி நமக்கு ஒரு மின்சார ரயில் தூரத்தில்தான் இருக்கிறது.

நான்கு, பலப்பம் தின்பது. சிரிக்காதீர்கள். என் வகுப்பில் பலப்பம், சாக்பீஸ் தின்ற பிள்ளைகள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியும்! பெரியவர்களான பிறகும் பச்சரிசியை அள்ளி மெல்லும் பெண்கள் உண்டு. மண், சாம்பல், ஐஸ் கட்டி கேட்கும். 'கெட்ட பழக்கம்' என்று அடிப்பதை விட்டுவிட்டு ரத்தத்தைப் பரிசோதித்தால், பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். அதைச் சரிசெய்தால் ஆசை தானாக அடங்கும். இரவில் படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவதற்கும் சில பேருக்கு இதே குறைவுதான் காரணம்.

ஐந்து, பெண்கள் மட்டும் அல்ல, ஆண்களும் படிக்க வேண்டியது. தும்மினால், இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிவது. பிள்ளை பெற்ற பெண்களில் எத்தனையோ பேருக்கு இது உண்டு. நடைப்பயிற்சிக்கு வருவதில்லை, பஸ்ஸில் தூரம் போவதில்லை, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் 'அம்மாவுக்கு வெளியே வரப் பிடிக்காது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-லேயே இதற்கு ஒரு பயிற்சி எழுதிவைத்துவிட்டார். சிறுநீரை அடக்குவது போல் அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து, தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. மூன்று மாதம் விடாமல் செய்தால் நிறையப் பேருக்கு நல்ல பலன் தெரிகிறது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் செய்யாதீர்கள். சரியாகச் செய்கிறோமா என்று ஒரு முறை டாக்டரிடமோ பிசியோதெரபி பார்ப்பவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். சீரியல் பார்த்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

ஆறு, மலத்தில் ரத்தம். இதை எழுதும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் போகிறவர்கள் பெட்டிக்குள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'மூலம், பௌத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இல்லாமல் குணம்.' அதற்குப் பக்கத்திலேயே 'ரகசிய நோய்கள்.' இந்தச் சின்னச் சின்னக் காகிதங்களுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வியாபாரம் இருக்கிறது! அவர்களுடைய முதலீடு மருந்து கிடையாது, நம்முடைய கூச்சம். தெரிந்த டாக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறவன், முகம் தெரியாதவனிடம் ஊசி போட்டுக்கொள்கிறான். புற்றுநோய், நீரிழிவு, கண்புரை, காது கேளாமை போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. அதே 1954-ல்தான், தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். சட்டமும் வந்தது, ஆஸ்பத்திரியும் வந்தது. கதவைத் தட்ட வேண்டியவர்தான் ரயில் பெட்டியில் நின்று காகிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். மலத்தில் ரத்தம் வந்தால் பெரும்பாலும் மூலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'மூலம்தான்' என்று சொல்ல வேண்டியது பரிசோதித்த டாக்டர். நீங்கள் இல்லை, போஸ்டரும் இல்லை. நாற்பது தாண்டினவர்கள், எடை குறைகிறவர்கள், மலம் போகும் வழக்கம் மாறினவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

என்னிடம் ஆறு மாதமாக என்று சொன்ன அந்த மாணவனை நான் திட்டிவிட்டேன். ஒன்றாம் வகுப்பில் திட்டின அதே குரலில்தான். போய்க் காட்டினான். பெருங்குடலில் ஒரு சதை வளர்ச்சி இருந்ததை எண்டோஸ்கோப்பி மூலமாகவே எடுத்துவிட்டார்கள். இன்னும் சில வருடம் விட்டிருந்தால் அது புற்றாக மாறியிருக்கலாம் என்றார்களாம். இதை எழுதச் சொன்னதே அவன்தான். "என் பேரை மட்டும் போட்டுடாதீங்க டீச்சர்" என்றான். போடவில்லையப்பா.

நோயை ஒளித்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து ஸ்டேஷனே சாட்சி. பல்லாவரத்திலிருந்து ரயில் ஏறினால், குரோம்பேட்டைக்கு அடுத்தது தாம்பரம் சானடோரியம். காச நோயாளிகளுக்காக 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய இடம் அது. இங்கிலாந்தில் இதே வைத்தியத்தை நடத்தி அனுபவப்பட்டவர். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. அதனால் நோயாளியை ஊருக்கு வெளியே வைத்தார்கள். ஆனால் மருந்து வந்த பிறகும் பயம் போகவில்லை. என் சின்ன வயதில் 'சானடோரியம்' என்ற பேரைச் சொன்னாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். ஒரு வீட்டில் ஒருவர் அங்கே இருந்தால், அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் வராது. அதனால் இருமலை ஒளித்தார்கள். ஒளித்ததால் வீடு முழுக்கப் பரவியது.

இதற்கு விடை கண்டதும் நம் சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பகுதியினரை அவர்கள் குடிசையிலேயே விட்டும், ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். மருந்து சாப்பிடுகிற வரைக்கும், கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. உலகமே காச நோயாளிகளை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கியது இந்தச் சென்னை ஆய்வுக்குப் பிறகுதான். எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். மறுபடியும் அதே பயம், அதே கிசுகிசு. மற்ற இடங்களில் கதவைச் சாத்தினபோது அந்த நோயாளிகளை உள்ளே விட்டதும் இதே தாம்பரம் ஆஸ்பத்திரிதான். இன்றைக்கு மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு வாழ்கிறார்கள். இரண்டு நோயிலும் மருந்து முன்னாலேயே வந்துவிட்டது, ஊர் வாய்தான் மாற நேரம் எடுத்துக்கொண்டது.

அவ்வளவு பெரிய நோய்களையே வெளியில் சொல்லி வெல்ல முடிந்தது என்றால், ஒரு வாய் நாற்றத்தையும் ஒரு சிறுநீர்க் கசிவையும் சொல்ல நமக்கு என்ன தயக்கம்?

'எல்லாத்தையும் ஊருக்குச் சொல்லணுமா டீச்சர்?' என்று கேட்பீர்கள். வேண்டாம். வீட்டில் ஒரு ஆள், வெளியில் ஒரு டாக்டர். இரண்டு பேர் போதும். டாக்டரிடம் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து வரி எழுதிக்கொண்டு போங்கள். என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தக் காகிதத்தை நீட்டிவிடுங்கள். காசு செலவாகும் என்ற பயம் இருந்தால் அரசு மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். கூகுளில் ராத்திரி பதினொரு மணிக்குத் தேடாதீர்கள். அது எல்லாத் தொண்டை வலிக்கும் கடைசியில் புற்றுநோய் என்றுதான் காட்டும், தூக்கம் போவதுதான் மிச்சம்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் ஒருவர் இப்படி ஒன்றைச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள், மூக்கைப் பிடிக்காதீர்கள், மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மனைவி சொன்னால் 'வயசானா அப்படித்தான்' என்று முடித்துவிடாதீர்கள். அப்படி ஒரு தடவை செய்தால் போதும், அந்த ஆள் இனி யாரிடமும் வாயைத் திறக்க மாட்டார்.

வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருக்கும் என் பிள்ளைகள், வாராவாரம் அப்பா அம்மாவுக்குப் போன் செய்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறீர்கள். "நல்லா இருக்கோம்" என்பார்கள். அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதில்தான் உண்டு. இந்த வாரம் வேறு மாதிரி கேளுங்கள். 'அம்மா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிற? படுக்கையில திரும்பினா தலை சுத்துதா? அப்பா, டிவி சத்தம் ஏன் இவ்வளவு வைக்கிறீங்க, காது கேக்குதா? சாப்பாடு விழுங்குறது சிரமமா இருக்கா? மலம் போறப்போ ரத்தம் வருதா?' முதல் தடவை "சீ, என்ன கேள்வி இது" என்பார்கள். விடாதீர்கள். இரண்டாவது தடவை பதில் வரும்.

நான் டாக்டர் இல்லை என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்து சாப்பிட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது, ரொம்ப நாளாக உள்ளே வைத்திருக்கும் அந்த ஒன்றை இந்த வாரத்துக்குள் ஒருவரிடம் சொல்வது. இதுதான் நான் கொடுக்கும் வீட்டுப் பாடம். அடுத்த ஞாயிறு கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பல்லாவரம்.